முதலில் நல்ல தண்ணீர்

சொம்பில் தண்ணீரும் பக்கத்தில் ஒரு டம்ளரும் வைத்தால் அவள் உடனே ஊற்றிக் குடித்துவிட மாட்டாள். கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, வாசலில் இருக்கும் செடியில் கொட்டுவாள். மறுபடியும் ஊற்றி, சுழற்றி, கொட்டுவாள். மூன்றாவது முறையும் அப்படியே. நாலாவதாக ஊற்றுவதைத்தான் குடிப்பாள். பேசிக்கொண்டே செய்வாள். தான் செய்வது அவளுக்கே தெரியாது.

முதல் நாள் இதைப் பார்த்த என் மாமியார் உள்ளே போய் அதே டம்ளரை மறுபடி தேய்த்தார். சத்தம் ஹாலுக்குக் கேட்க வேண்டும் என்றே தேய்த்தார். அவள் போன பிறகு, "நம்ம வூட்டு டம்ளர் அவ்ளோ கேவலமாவா இருக்குது?" என்று என்னிடம் கேட்டார். இதை அவளிடம் எப்படிக் கேட்பது என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். கேட்டபோது அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். லேபில் எந்தத் தண்ணீரை அளக்கப்போகிறோமோ அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று தடவை அலச வேண்டுமாம். கை அதற்குப் பழகிவிட்டதாம். அத்தையிடம் தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். அடுத்த முறை வந்தபோதும் மூன்று தடவை கொட்டினாள்.

ஆம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடி அறையில் அவள் இருந்தாள். நெமிலிப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, தோல் பதனிடும் ஷெட்டுகளின் கழிவுத் தண்ணீரெல்லாம் போய்ச் சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில் லேப் வேலை பார்த்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். என் மகள் அவளை லேப் அக்கா என்பாள். அப்போது மகளுக்கு நாலு வயது.

வீட்டில் ஒரு மீன் தொட்டி இருந்தது. கடல் தண்ணீர் மீன் தொட்டி. அது என் கணவருடையது. அவர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவின் மாஸ்டர். கம்பெனி வெளிநாட்டில் ஒரு கிளை திறந்தபோது, அங்கே இருப்பவர்களுக்கு வெட்டும் வேலை பழக்க அவரைப் பத்து மாதத்துக்கு அனுப்பினார்கள். தொட்டியில் ஆரஞ்சும் வெள்ளையுமாய் இரண்டு மீன், கொஞ்சம் பட்டன் பவளம், நடுவில் லெதர் கோரல் என்று பெயருள்ள ஒரு மெத்துப் பவளம். தோலைத் தொட்டால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இருக்கும். பெரிய காளான் மாதிரி விரிந்து, மேலெல்லாம் விரல் விரலாய் ஆடும். நாளெல்லாம் தோலிலேயே புரள்கிறவன் கடலில் போயும் தோலைத்தான் தேடியிருக்கிறான் என்று அவருடைய தோஸ்துகள் கிண்டல் செய்வார்கள். எலுமிச்சம்பழ அளவில் வாங்கியது, ஐந்து வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வந்திருந்தது.

கிளம்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான். "மீன் செத்தா பரவால்ல, வாங்கிக்கலாம். அத மட்டும் பாத்துக்க."

மூன்றாவது மாதம் கண்ணாடியில் பழுப்பும் பச்சையுமாய் வழவழப்புப் படிந்தது. சுரண்டினால் மூன்று நாளில் திரும்ப வந்தது. லெதரின் விரல்கள் உள்ளே போய்விட்டன. மொட்டைத் தலை மாதிரி நின்றது. நான் மகளையும் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் போய், லாங் பஜாரை ஒட்டிய சந்தில் மீன் கடை வைத்திருப்பவரிடம் போன் படத்தைக் காட்டினேன். பாஸ்பேட் ஜாஸ்தியாகிவிட்டது என்றார். மீன் தீனியிலிருந்தும் கழிவிலிருந்தும் வருவதாம். பாசிக்கு அது உரம். பவளத்துக்கு ஆகாது. துருக் கலரில் மணல் மணலாய் ஒரு இரும்புச் சரக்கை வலைப்பையில் போட்டுக் கொடுத்தார். தண்ணீர் அதன் வழியாக ஓடினால் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளுமாம். கூடவே சோதித்துப் பார்க்க ஒரு பெட்டி. சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட வேண்டும். நீலமாகும். நீலம் எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவு பாஸ்பேட்.

எனக்கு இந்த நீலத்துக்கும் அந்த நீலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் வைத்தால் ஒன்று தெரிந்தது, டியூப் லைட்டில் வைத்தால் வேறொன்று. பன்னிரண்டு தடவை பார்த்துவிட்டு, குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். அப்படித்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவாள். தலை ஈரமாயிருக்கும். கக்கத்தில் ஒரு நோட்டு, கையில் ஒரு பாட்டில். பாட்டிலில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். அதில் ஒன்றுமே இருக்காது என்பதால் முதல் குப்பியில் அதைத்தான் ஊற்றுவாள். அது நிறமே இல்லாமல் நின்றால்தான் அடுத்தது. நீலமடித்தால் குப்பியில் அழுக்கு, கழுவிவிட்டு மறுபடி முதலிலிருந்து. நான் பொறுமையில்லாமல், தொட்டித் தண்ணீரைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். "மொதல்ல நல்ல தண்ணிய பாக்கணும்க்கா. கெட்டது எங்கயும் போயிடாது" என்றாள்.

அந்த முதல் ஞாயிறே, பேட்டரித் தண்ணீர் ஆனதும், "அடுத்து சமையல்கட்டுத் தண்ணி குடுங்க" என்றாள்.

"அது எதுக்கு? அது ஆர்.ஓ. தண்ணி. பாப்பா குடிக்கிறது."

"அதாங்க்கா. தொட்டிக்கும் அதானே ஊத்துறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் போர் தண்ணீர் எப்படியென்று எல்லாருக்கும் தெரியும். பக்கெட்டில் பிடித்துவைத்தால் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும். அந்த ஆர்.ஓ. மிஷினை மகள் பிறந்த மாதம் என் நகைச்சீட்டு முடிந்ததும் நான்தான் வாங்கி வைத்தேன். அதைச் சந்தேகப்பட்டால் பிறகு நான் எதை நம்பிக் குழந்தைக்கு எதைக் கொடுப்பது? வேண்டாம்மா, தொட்டித் தண்ணீரை மட்டும் பார் என்றேன்.

அவள் வற்புறுத்தவில்லை. நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள். பேட்டரித் தண்ணீர்: நிறமில்லை. சமையலறைத் தண்ணீர்: பார்க்கவில்லை. தொட்டி: ஜாஸ்தி. வாராவாரம் அதே மூன்று வரி. வாராவாரம் நடுவில், உருண்டை எழுத்தில், பார்க்கவில்லை.

அவளிடம் எதையும் சும்மா கேட்க முடியாது. மழை வருமா என்று கேட்டால் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இப்ப இல்ல" என்பாள். ஒரு நாள் என் மகள் தொட்டிக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, மீனுக்கு என்னைப் பிடிக்குமா என்று கேட்டாள். நானாயிருந்தால் ரொம்பப் பிடிக்கும் கண்ணு என்றிருப்பேன். லேப் அக்கா, தெரியலையே என்றாள். தீனி போடாமல் ஒரு நாள் வெறும் கையைக் கண்ணாடியில் வை, வருதா பார். அப்புறம் லேப் அக்காவும் கையை வைக்கிறேன், என்கிட்டயும் வருதா பார்க்கலாம். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கை வைத்துப் பார்த்தார்கள். மீன்கள் இரண்டு கைக்கும் வந்தன. மகள் முகம் வாடிவிட்டது. லேப் அக்கா யோசித்துவிட்டு, "உன் கைக்கு சீக்கிரம் வந்துச்சு. அத நான் பாத்தேன்" என்றாள். அது உண்மைதான். நானும் பார்த்தேன். அந்தப் பதிலை என் மகள் ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நானோ எல்லாம் செய்தேன். தீனியைப் பாதியாக்கினேன். பாக்கெட்டில் உறைந்து வரும் இறாலை உருக வைத்து, அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போட்டேன். தொட்டி அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவியின் கோப்பையைத் தினம் கழுவினேன். இரும்புச் சரக்கை மாற்றினேன். எல்லாவற்றுக்கும் மேலே, வாராவாரம் தொட்டியில் கால்வாசித் தண்ணீரை இறைத்துவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புப் பொடி கரைத்துப் புதிதாக ஊற்றினேன். மிஷினில் அரை பக்கெட் நிரம்பவே ஒரு மணி நேரம் ஆகும். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தால், அவள் திரும்பி வரும் வரை பிடித்துக்கொண்டே இருப்பேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. துணி முறுக்கிப் பிழிய முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை குப்பி இன்னும் கருநீலமாய் நிற்கும். மாமியார் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "கோழி வளத்திருந்தா முட்டையாவது குடுத்திருக்கும்" என்பார்.

கணவர் தினமும் மத்தியானம் வீடியோவில் வருவார். தொட்டியைக் காட்டு என்பார். தொட்டிக்கு இரண்டு விளக்கு, வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று. நீலத்தை மட்டும் போட்டால் பழுப்பெல்லாம் மறைந்துவிடும். எல்லாம் ஏதோ கனவு மாதிரி மினுங்கும். நான் நீலத்தைப் போட்டுத் தூரத்திலிருந்து காட்டுவேன். லெதர் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டால், தோல் உரிக்கிறது போல என்பேன். அது அவ்வப்போது மெழுகு மாதிரி ஒரு தோலை உரிக்கும். அவரும் நம்பினார். அங்கே அவருக்கு வேறு கவலைகள் இருந்தன. நம் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடவே தோன்றுகிறது என்றார் ஒரு தடவை. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஒரு ஞாயிறு அவர் லைனில் இருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். "வெள்ள லைட்ட போடுங்கக்கா, இதுல இன்னா தெரியும்?" என்றாள். நான் போனைக் கட் செய்தேன். அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குப்பியைக் கழுவ உட்கார்ந்தாள். கேட்டிருந்தால் தேவலை.

அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார்கள். அவளுடைய அம்மா நெமிலியிலிருந்து எனக்குப் போன் செய்து, நீயாவது புத்தி சொல்லும்மா, மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி என்றார். நானும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, ஒரு சனிக்கிழமை லீவு போட்டு, பஸ் ஏறி ராணிப்பேட்டைக்குப் போனாள். அந்தக் கம்பெனி வாசலில் நின்று, அந்தப் பையன் நிஜமாகவே அங்கே வேலை செய்கிறானா, சொன்ன வேலைதானா என்று செக்யூரிட்டியிடம் விசாரித்திருக்கிறாள். செக்யூரிட்டி நேராகப் பையனையே கூப்பிட்டு எதிரில் நிறுத்திவிட்டார். அவர்கள் சொன்னதெல்லாம் உண்மைதான். "சரியாத்தான் சொல்லியிருக்காருக்கா" என்று என்னிடம் வந்து திருப்தியாகச் சொன்னாள். மறுநாளே அந்தச் சம்பந்தம் நின்றுவிட்டது. நல்ல மாதிரி என்று தெரிந்த பிறகுதான் அவள் சம்மதிக்கத் தயாரானாள், அதற்குள் அவர்களுக்கு வேண்டாமலாகிவிட்டது. அம்மாவைச் சமாதானம் செய்ய அவள் ஊருக்குப் போனாள். அந்த ஞாயிறு நான் தனியாகத்தான் சோதிக்க வேண்டியிருந்தது.

அவளைப் போலவே முறையாகச் செய்ய நினைத்தேன். பேட்டரித் தண்ணீர் பாட்டில் மாடி அறையில் பூட்டிக் கிடந்தது. குப்பி சுத்தமா என்று பார்க்க எனக்கும் ஒரு நல்ல தண்ணீர் வேண்டும். யோசிக்கக்கூட இல்லை. வீட்டில் இருப்பதிலேயே நல்லதை, சமையலறைக் குழாயிலிருந்து பிடித்தேன். சொட்டு விட்டேன். நீலமடித்தது. குப்பியில்தான் அழுக்கு என்று மூன்று தடவை அலசிவிட்டு மறுபடி பிடித்தேன். நீலம். இரண்டாவது குப்பியைப் பிரித்து எடுத்தேன். புதுசு. அதிலும் அதே நீலம். தொட்டித் தண்ணீரைவிடக் கருநீலம்.

அவளுக்குப் போன் செய்தேன். பின்னால் யாரோ அழுதுகொண்டே பேசும் குரல் கேட்டது, அவளுடைய அம்மாவாக இருக்கும்.

"எத்தினி தடவ பாத்தீங்க?"

"மூணு."

"அப்ப தண்ணிதான்க்கா. மிஷின்ல யாராவது இன்னாவாவது செஞ்சாங்களா?"

செய்திருந்தார்கள். நான்தான் செய்யச் சொன்னேன். கணவர் ஊருக்குப் போன அடுத்த மாதம், மகள் கால் வலிக்கிறது என்று அடிக்கடி சொன்னாள். ஆர்.ஓ. தண்ணீரில் சத்தே இருக்காது, பிள்ளைகளின் எலும்பு தேய்ந்துவிடும் என்று பள்ளி அம்மாக்கள் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. சர்வீஸுக்கு வந்தவரிடம் கேட்டேன். மினரல் வேண்டுமென்றால் இதைத் திறந்துவிடலாம் மேடம் என்று உள்ளே ஒரு திருகைக் காட்டினார். திறந்தால் கொஞ்சம் போர் தண்ணீர் வடிகட்டும் சவ்வு வழியாகப் போகாமல் நேராக வந்து சுத்தத் தண்ணீரோடு கலக்கும். நன்றாகவே திறக்கச் சொன்னேன். நம் ஊர்த் தண்ணீரில் உப்பு படிந்து சவ்வு சீக்கிரம் போய்விடும், அதற்கு இந்த உருண்டையைப் போடுகிறேன் என்று கண்ணாடி மாதிரி உருண்டைகளை முதல் வடிகட்டியில் போட்டார். அதற்கும் சரி என்றேன். அந்த உருண்டை பாஸ்பேட்டால் ஆனது என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்தது அந்தத் திருகு வழியாகக் குழாய்க்கு வந்தது. வீங்கின மணிக்கட்டோடு நான் ஊற்றின ஒவ்வொரு பக்கெட்டும் பாசிக்கு உரம்.

தொட்டியெல்லாம் அப்போது ஞாபகமில்லை. பாப்பா குடிக்கிறாளே, அவளுக்கு ஏதாவது ஆகுமா என்றுதான் கேட்டேன். ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை. வேறு எவராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"குடிதண்ணிக்குன்னுதான் அத விக்கிறாங்க. இந்த அளவு ஆளுக்குக் கெடுதல்னு நான் படிச்சதில்ல. ஆனா நான் டாக்டர் இல்ல" என்றாள். பிறகு, "காலையில வந்துர்றேன். போலாம்" என்றாள்.

முதல் பஸ் பிடித்து வந்துவிட்டாள். லேபுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, குழந்தைகள் டாக்டரிடம் எங்களோடு வந்து, என் மகளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சிரித்தார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, கால் வலி வளர்கிற வயதில் வருவது, தண்ணீரைச் சரி செய்துவிடுங்கள் போதும் என்றார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது எனக்கு அழுகை வந்தது.

"எல்லாம் என் தப்புதானே?" என்றேன். இல்லைக்கா என்று சொல்லட்டும் என்றுதான் கேட்டேன்.

"ஆமாங்க்கா" என்றாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, கேட்காமலே, தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஷெட்டிலிருந்து வந்த தண்ணீரில் பாஸ்பேட் எக்கச்சக்கமாகக் காட்டியதாம். எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஷெட்டை நிறுத்திவிட்டார்கள். நாலு நாள். ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, அவள் குடுவைகளைப் பாத்திரம் கழுவும் சோப்புப் பொடி போட்டுக் கழுவியிருக்கிறாள். பாஸ்பேட் சோப்பில் இருந்தது. தண்ணீரில் இல்லை. மேலதிகாரி திட்டிவிட்டு, தாளை மாற்றிவிட்டு, வெளியே சொல்லாதே என்று முடித்துவிட்டார்.

"அந்த ஷெட்டுல தோல் காயப் போடுற அம்மா ஒருத்தங்க என் பஸ்லதான் வருவாங்க. நீ லேப்லதானே இருக்கிற, ஏன் பாப்பா நிறுத்திட்டாங்கன்னு கேட்டாங்க. தெரியலைன்னு சொல்லிட்டேன்."

ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டோம். மகள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அந்த மூன்று தடவை அலசலைப் பற்றி நான் மாமியாரிடம் அதற்குப் பிறகு எதுவும் விளக்கவில்லை. அவர் டம்ளரைத் தேய்க்கும்போது மட்டும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

திருகை மூடினோம். உருண்டைகளை எடுத்தோம். சவ்வை மாற்றினோம். அடுத்த ஞாயிறு சமையலறைத் தண்ணீர் குப்பியில் நிறமில்லாமல் நின்றது. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. தொட்டித் தண்ணீரோ அப்படியே கருநீலமாக இருந்தது. அதற்கடுத்த வாரமும். பாறைகள் ஐந்து மாதமாகக் குடித்து வைத்திருக்கின்றன, வெளியே கம்மியானால் உள்ளே இருப்பது சிறுகச் சிறுக வரும், எங்கள் நிலையத்துச் சேறும் இப்படித்தான் என்றாள். இரும்புச் சரக்கை இரண்டு மடங்கு போடட்டுமா என்றேன். திடீரென்று இறக்கினால் இருக்கிற பவளமும் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்றாள். எத்தனை மாதம்? தெரியாது. எனக்கு உட்கார்ந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

லெதர் அதுவரை காத்திருக்கவில்லை. ஒரு ஓரம் கறுத்து, தொட்டால் கூழாக வந்தது. அன்று மத்தியானம் கணவர் அழைத்தபோது வெள்ளை விளக்கைப் போட்டுக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன். எத்தனை மாதமாக என்று கேட்டார். ஐந்து என்றேன். திருகு, உருண்டை, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா, தினம் தினம் எனக்குப் பொம்மை காட்டினியா என்றார். மாமியார் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் கணவர், "புது பிளேடு எடு. அழுகினத வெட்டிடலாம்" என்றார்.

அவள் வேலை முடிந்து வரும் வரை காத்திருந்தோம். அவளுக்கும் இது புதிது. தட்டைப் பிடித்துக்கொண்டாள். போன் தண்ணீர்ச் சொம்பில் சாய்ந்து நின்றது. அழுகினதற்கு ஒரு விரல் தள்ளி நல்ல இடத்தில் வெட்டு என்றார் அவர். நான் பிளேடை வைத்து வைத்து எடுத்தேன். "தயங்கித் தயங்கி வெட்டினா ஓரம் பிசிறடிக்கும். தோல் மாதிரிதான். ஒரே இழுப்பு" என்றார். இழுத்தேன். அப்படி ஒரு நாற்றம். ஆம்பூரில் பிறந்து வளர்ந்த மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்கு ஷெட்டே தேவல" என்றார். போனுக்குள் அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. வெட்டின இடத்தில் கறுப்பு மிச்சமிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்தது. இன்னொரு தடவை வெட்டினேன். பிறகு இன்னொரு தடவை. கடைசியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் நின்றது பூரி அளவுக்கு வந்துவிட்டது. அதை ஒரு கல்லில் வைத்து, கொசுவலைத் துண்டு சுற்றி, தளர்த்தியாகக் கட்டித் தண்ணீரில் இறக்கினோம்.

பத்து நாள் கழித்து அவள் கிளம்பினாள். ஓசூர் பக்கம் ஒரு மருந்து கம்பெனியின் லேபில் வேலை கிடைத்திருந்தது. ஒரு பை, ஒரு பெட்டி. விடைபெற வந்தபோது தொட்டி முன்னால் போய்க் குனிந்து நின்றாள். வலைக்குள் அது சுருங்கிக் கிடந்தது. உயிர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவர் வர இன்னும் மூன்று மாதம் இருந்தது. எனக்கு அப்போது தூக்கமில்லை, பசியில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"பொழச்சிடும்னு ஒரே ஒரு தடவ சொல்லேன்மா. பொய்யாக்கூட சொல்லு. நான் இன்னிக்கு ஒரு நாள் தூங்குவேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வாய் கூடத் திறந்தது.

"சொன்னா நீங்க பாக்குறத வுட்ருவீங்கக்கா" என்றாள்.

குனிந்து என் மகளின் கன்னத்தைத் தொட்டாள். மாமியாரிடம் வர்றேன் அத்தை என்றாள். ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை நாங்கள் வாசலில் நின்றோம். எனக்குக் கோபமாக இருந்தது. ஒரு வார்த்தைதானே, கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை எழுந்ததும் போய்ப் பார்த்தேன். அதற்கு மறுநாளும் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து என் கணவர் வந்தார். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் நேராகத் தொட்டிக்குப் போனார். கல்லைப் பிடித்துக்கொண்டு, ஐந்தாறு விரல்களை மட்டும் வெளியே நீட்டி, ஒரு அப்பளம்கூட இல்லாத அளவில் அது நின்றது.

"இவ்ளோதானா?" என்றார்.

இன்னும் வளரும், நீங்கள் வந்துவிட்டீர்கள், இனிமேல் சரியாகிவிடும் என்றெல்லாம் சொல்ல என் வாயில் வந்தது.

"இவ்ளோதாங்க" என்றேன்.